மதுரை ரன்வே 7500 அடி: மழையில் இறங்கி நிற்கப் போதுமா? (ஓடுபாதை தாண்டிய விபத்துகள் – விவாத இழை)

#1 – அவனியாபுரத்தான்

நம்ம ஊர் ரன்வே நீளம் 7500 அடி. இதை 12500 அடி ஆக்கும் பேச்சு கிளம்புறப்போ எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சுத்த ஆரம்பிச்சிருது: "மதுரையில சின்ன ரன்வே, மங்களூர் மாதிரி ஆயிரும், மழை நாள்ல ஏறாதீங்க."

என் கேள்வி ரெண்டுதான். மங்களூரும் கோழிக்கோடும் நீளம் பத்தாமல்தான் நடந்துச்சா? ஐப்பசி மழையில் ஒரு ஏ320 விமானம் இங்கே இறங்கி நிற்க 7500 அடி போதுமா, போதாதா? விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க. பயமுறுத்தவும் வேணாம், "ஒண்ணும் ஆகாது"ன்னு தட்டிக்கொடுக்கவும் வேணாம்.

#2 – நெறியாளர்

இழை தொடங்கும் முன்பே ஒன்று. 2025 ஜூன் 12 அகமதாபாத் 787 விபத்து பற்றி இங்கே ஊகம் எழுத வேண்டாம். அது கிளம்பும்போது நடந்தது. இங்கே கேள்வி இறங்கி நிற்பதைப் பற்றி. மீறி வரும் பதிவுகளை நீக்கிவிடுவேன்.

#3 – வலவன்

முதல் கேள்விக்கு எண்களே பதில்.

மங்களூர், 2010 மே 22. துபாயிலிருந்து வந்த 737-800 விமானம். ரன்வே நீளம் 8033 அடி, அதாவது நம்ம ஊரைவிட 500 அடிக்கு மேல் அதிகம். சக்கரம் தரையைத் தொட்டது ஓடுபாதை தொடங்கும் முனையிலிருந்து சுமார் 5200 அடி தள்ளி. மிச்சம் இருந்தது 2800 அடி. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7. இதுவும் துபாயிலிருந்து வந்த 737-800தான். ரன்வே 8858 அடி. தொட்டது 4438 அடியில், கிட்டத்தட்ட நடுவில். ஓடுபாதை முழுக்க மழைத் தண்ணீர், முதுகுக் காற்று வேறு. 190 பேரில் விமானிகள் இருவரும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

இரண்டுமே மதுரையைவிட நீளமான ஓடுபாதைகள். பிறகு எங்கே போனது நீளம்? தொடுவதற்கு முன்பே, காற்றில், செலவாகிப்போனது. விமானத்துக்குப் பின்னால் கிடக்கும் ஓடுபாதையால் யாருக்கும் பயனில்லை.

மங்களூரில் விமானம் இருக்க வேண்டிய உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் வந்தது. கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருக்கிறார். காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டை பதிவாகியிருக்கிறது. தூக்கம் கலைந்ததும் மூளை முழுதாகத் தெளியச் சில நிமிடங்கள் ஆகும், அந்த மந்தத்தையும் அறிக்கை காரணமாகக் காட்டுகிறது. துணை விமானி மூன்று முறை "கோ-அரவுண்ட்" என்றார், அதாவது இறங்காதே, மேலே ஏறு. தரை எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டே இருந்தது. கோழிக்கோட்டிலும் துணை விமானி அதே வார்த்தையைச் சொன்னார். இரண்டு இடத்திலும் கேட்டவர் செயல்படவில்லை.

#4 – ஒத்தக்கடை

அண்ணே, மங்களூர்ல 2800 அடி மிச்சம் இருந்துச்சுன்னா அதுலயே நிறுத்தியிருக்க முடியாதா?

#5 – பிரேக்சூடு

முடிஞ்சிருக்கும். தொட்ட உடனே முழு பிரேக்கும் ரிவர்ஸும் (இன்ஜின் தள்ளுவிசையை முன்பக்கமாத் திருப்பி விடுறது) போட்டிருந்தா ரன்வேக்குள்ளேயே நின்னிருக்கும்ங்கிறதுதான் விசாரணை மன்றம் போட்ட கணக்கு. ஆனா கேப்டன் ரிவர்ஸரைத் திறந்தார், பிரேக் போட்டார், பிறகு மனசு மாறி மறுபடி மேலே ஏறப் பார்த்தார். ரிவர்ஸரைத் திறந்துட்டா அப்புறம் நிறுத்தியே ஆகணும், கோ-அரவுண்ட் கிடையாது. இது எழுதி வெச்ச விதி. காரணம் லேசானதுதான்: ரிவர்ஸர் கதவு மடங்கி, இன்ஜின் மறுபடி முழு வேகம் எடுக்கப் பல நொடி ஆகும். அந்த நொடிகள்ல பிரேக்கும் இல்ல, தள்ளுவிசையும் இல்ல. விமானம் சும்மா உருண்டுட்டே போகுது.

பிரேக் கணக்கைக் கொஞ்சம் விரிச்சே போடுறேன், இதுலதான் ஆளாளுக்குக் குழப்பம்.

737-ல தானியங்கி பிரேக்குக்கு 1, 2, 3, மேக்ஸ்னு நாலு நிலை. எண்ணு பிரேக் அழுத்தத்துக்கு இல்ல, வேகம் எவ்வளவு சீக்கிரம் குறையணும்ங்கிறதுக்கு. 1-ன்னா நொடிக்கு நொடி 4 அடி/நொடி குறையும். 2-க்கு 5, 3-க்கு 7.2, மேக்ஸுக்கு 80 நாட்டுக்கு (நாட்: விமான வேக அளவு, 1 நாட் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) மேல 14, அதுக்குக் கீழ 12.

தொடுற வேகம் 140 நாட்னு வைங்க. அது நொடிக்கு 236 அடி. இந்த வேகத்திலேர்ந்து நிக்க:

நிலை 1: ஏறத்தாழ 7000 அடி
நிலை 2: 5600 அடி
நிலை 3: 3900 அடி
மேக்ஸ்: 2000 அடிக்குக் கொஞ்சம் மேல

மதுரையில 1500 அடியில தொட்டா மிச்சம் 6000. நிலை 1 போட்டுட்டு கையைக் கட்டி உக்காந்தா பத்தாது. நிலை 3 போட்டா 2000 அடிக்கு மேல கையில நிக்கும். மங்களூர் மிச்சம் 2800 அடியை மேக்ஸ் கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க, விசாரணை மன்றம் ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு புரியும்.

இன்னொண்ணு. ரிவர்ஸ் போட்டா தூரம் குறையும்னு எல்லாரும் நினைக்கிறோம். தானியங்கி பிரேக் வேலை செய்யும்போது குறையாது. ரிவர்ஸ் ஒரு பங்கு இழுத்தா, பிரேக் தன் பங்கை அந்த அளவுக்குக் குறைச்சுக்கும். மொத்தம் அதே 7.2 தான். மிச்சமாகிறது பிரேக் சூடும் தேய்மானமும். ரிவர்ஸ் நிஜமாவே கைகொடுக்கிறது தரை வழுக்கி, பிரேக்கால அந்த 7.2-ஐ எட்ட முடியாதப்பதான். அதனால ஈரத்துல ரிவர்ஸைத் தாமதிக்கிறது பெரிய தப்பு. 2005 டிசம்பர் 8-ல சிகாகோ மிட்வே, பனி விழுந்த ரன்வே. ரிவர்ஸர் முழுசா விரியத் தொட்டதுக்கப்புறம் சுமார் 18 நொடி ஆயிருச்சு. விமானம் வேலியை உடைச்சு ரோட்டுக்கு வந்து காருல போன ஒரு சின்னப் பையன் செத்துட்டான்.

#6 – திருநகர் திசைகாட்டி

பிரேக்சூடு சொன்ன தூரங்கள் நல்ல பிடிப்புள்ள தரைக்கு. கேள்வி மழை பற்றியது, ஆகவே தண்ணீர் கணக்குக்கு வருகிறேன்.

டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசாவின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் பிஎஸ்ஐயில். 200 பிஎஸ்ஐ டயருக்கு 127 நாட், மணிக்கு 235 கிலோமீட்டர். இது சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்துக்கு. காற்றிலிருந்து சுழலாமல் வந்து தொடும் சக்கரத்துக்கு 9க்குப் பதில் 7.7, அப்போது 109 நாட்டிலேயே மிதக்கும். 32 பிஎஸ்ஐ கார் டயருக்குப் போட்டுப் பாருங்கள், 51 நாட், மணிக்கு 94 கிலோமீட்டர். சுற்றுச்சாலையில் மழையில் நூறில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ஜெட் விமானம் தொடுவதே 130, 140 நாட்டில். அதாவது தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் ஆரம்ப ஓட்டம் முழுக்க மிதக்கும் எல்லைக்குள்தான் நடக்கிறது. அதனால்தான் ஈரத்தில் பஞ்சு மாதிரி இறக்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல. சற்று அழுத்தமாகத் தொட்டால்தான் டயர் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும், சக்கரம் சுழலும், சுழற்சியை உணர்ந்து ஸ்பாய்லர் எழும். 'தொம்' என்று இறங்கினால் விமானியைத் திட்டும் பயணிகள் மழை நாளில் அந்தத் 'தொம்'முக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஸ்பாய்லர் என்பது இறக்கையின் மேலே பலகைபோல் நிமிர்ந்து நிற்பது. அது காற்றை மறிக்கிறது என்பது பாதிதான். முக்கிய வேலை, இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று விமானத்தின் எடை முழுவதையும் சக்கரத்தில் இறக்குவது. எடை இறங்காத சக்கரத்தில் எவ்வளவு பிரேக் போட்டும் பயன் இல்லை.

தரைப் பக்க வேலைகளும் உண்டு. ஓடுபாதையில் குறுக்காகக் காடி வெட்டுவார்கள். அமெரிக்க அளவு 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம், 38 மில்லிமீட்டர் இடைவெளி. தண்ணீர் பக்கவாட்டில் வடிய வழி. தொடும் பகுதியில் டயர் ரப்பர் உருகிப் படியும். அதை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் காடி இருந்தும் இல்லாத கணக்கு.

2021 நவம்பர் முதல் உலகம் முழுக்க ஒரே முறையில் ஓடுபாதை நிலையைச் சொல்கிறார்கள், 0 முதல் 6 வரை. உலர்ந்தது 6. ஈரம், தண்ணீர் 3 மில்லிமீட்டருக்குள் என்றால் 5. ஈரமானால் வழுக்கும் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட ஓடுபாதை 3. தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கினால் நேராக 2. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண். "5/5/2" என்று வந்தால் கடைசிப் பங்கில், நிற்க வேண்டிய இடத்தில், தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்.

#7 – அவனியாபுரத்தான்

அருமை. ஆனா ரெண்டாவது கேள்விக்கு நேர் பதில் இன்னும் வரலை. 7500 போதுமா?

#8 – வலவன்

போதும், நிபந்தனையோடு.

ஜெட் விமானத்தைப் புறப்படச் செய்வதற்கு முன்பே போய்ச் சேரும் ஓடுபாதைக்குக் கணக்குப் போடுகிறார்கள். சோதனை விமானி, உலர்ந்த தரையில், முழு பிரேக்கில், ரிவர்ஸ் இல்லாமல், முனையை 50 அடி உயரத்தில் கடந்து நின்ற தூரம்தான் அடிப்படை. அந்தத் தூரம் ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். மதுரைக்கு 7500இல் 60 சதவீதம் 4500 அடி. ஈரம் என்றால் இன்னும் 15 சதவீதம் கூடுதல் வேண்டும். அப்போது அடிப்படைத் தூரம் 3900 அடிக்குள் இருக்க வேண்டும். இங்கே வந்துபோகும் ஏ320, 737-800 வகைகளுக்கு வழக்கமான இறங்கும் எடையில் இது அடங்கும். சின்ன ஏடிஆர் விமானத்துக்குத் தாராளம்.

ஆனால் அந்தக் கணக்கு ஒழுங்காக இறங்கினால் மட்டும். எது எவ்வளவு தின்னும் என்று பாருங்கள்:

முனையை 50 அடிக்குப் பதில் 100 அடியில் கடந்தால், 3 பாகை சரிவில், தொடும் இடம் ஏறத்தாழ 950 அடி தள்ளிப்போகும். தரைக்கு மேல் மெத்தென்று இறக்கப் பார்த்து மிதக்கும் ஒவ்வொரு நொடியும் 236 அடி. ஐந்து நொடி மிதந்தால் 1200 அடி போச்சு. 10 நாட் வேகம் கூடுதல் என்றால், 140க்குப் பதில் 150, ஆற்றல் 15 சதவீதம் கூடும். 10 நாட் முதுகுக் காற்றுக்கும் ஏறத்தாழ அதே கதி, ஏனென்றால் தரைக்குத் தெரிவது தரைவேகம்தான்.

தனித்தனியே பார்த்தால் எல்லாம் சில்லறை. இவற்றில் சில ஒரே நாளில் சேர்ந்தால் கோழிக்கோடு. அங்கே முதல் முயற்சியில் கேப்டன் பக்கக் கண்ணாடியின் வைப்பர் நின்றுபோனது, மேலே ஏறினார்கள். மறுமுறை எதிர்த்திசை ஓடுபாதையைத் தேர்ந்ததால் காற்று முதுகில் வந்தது.

இதற்கான வேலிதான் தொடும் பகுதி விதி: ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 3000 அடி, இரண்டில் எது குறைவோ அதற்குள் தொட வேண்டும். மதுரைக்கு 2500 அடி. அதற்குள் சக்கரம் படவில்லையென்றால் ஏறிவிட வேண்டும். 1000 அடி உயரத்தில் வேகம், சரிவு, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை), இன்ஜின் சக்தி எல்லாம் அதனதன் எல்லைக்குள் நிலைத்திருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய வேலி.

#9 – சிலைமான் காற்று

வலவன் அண்ணே, நீளம் பொருட்டில்லைங்கிற மாதிரி எழுதுறீங்களே, அது சரியா? 12500 அடி ரன்வேயில 5200-ல தொட்டிருந்தா மங்களூர் நடந்தே இருக்காது. தப்பு செய்யாத மனுஷன் யாரு? தப்பை மன்னிக்கிற இடம் வேணும்ல.

#10 – வலவன்

ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் வாட்ஸ்அப் வரிக்கு எதிரானது, நீட்டிப்புக்கு எதிரானது அல்ல. ஆனால் நீட்டிப்பு கேட்கப்படுவதற்கு முதல் காரணம் நிற்பது அல்ல, கிளம்புவது. பெரிய விமானங்களும் தொலைதூரப் பயணமும். மதுரை கடல்மட்டத்திலிருந்து 459 அடி. சித்திரை வெயில் 40 பாகை ஏறும் நாளில், பாகைக்கு 120 அடி என்ற கைக்கணக்கில், காற்றின் அடர்த்தி சுமார் 3500 அடி உயர மலைக்குச் சமம். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் காற்று மெலிந்துபோகிறது, ஓட்டம் நீள்கிறது. 7500 அடிக்குள் அடங்க எடையைக் குறைக்க வேண்டும்: சரக்கு, எரிபொருள், சில நேரம் ஆள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் நண்பகல் விமானத்துக்கும் மார்கழி அதிகாலை விமானத்துக்கும் கணக்கே வேறு.

#11 – திருநகர் திசைகாட்டி

"மன்னிக்கிற இடம்" என்பது நல்ல சொல். அது நீளத்தில் மட்டும் இல்லை, முடிவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

சர்வதேச விதிப்படி ஓடுபாதை முடிந்ததும் 60 மீட்டர் பட்டை, அதற்கப்பால் 'ரீசா' என்னும் பாதுகாப்புப் பகுதி. கட்டாயம் 90 மீட்டர், பரிந்துரை 240 மீட்டர். கோழிக்கோட்டில் 240 மீட்டர் ரீசா கொடுப்பதற்காக ஓடுபாதையையே 2700 மீட்டராகக் குறைத்தார்கள். இருந்தும் 84.5 நாட் வேகத்தில் எல்லை தாண்டி ஓடிய விமானம் ரீசாவுக்குள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளம்.

ஈமாஸ் என்று ஒன்று உண்டு: மிதித்தால் நொறுங்கும் காற்றறை சிமென்ட் படுக்கை. சக்கரம் புதைந்து விமானம் நிற்கும். நியூயார்க் ஜேஎஃப்கேயில் 1996இல் போட்டார்கள், 1999இல் ஒரு சாப் 340 விமானம் அதில் சிக்கி நின்றது. 2016இல் லாகார்டியாவில் ஒரு 737. பொதுவாக 70 நாட் வரை நிறுத்தும்படி வடிவமைப்பார்கள்.

#12 – பிரேக்சூடு

திசைகாட்டி, ஒரு திருத்தம் மாதிரி. ஈமாஸ் இருந்திருந்தா கோழிக்கோடு தப்பிச்சிருக்கும்னு அடிக்கடி எழுதுறாங்க. 84.5 நாட்ங்கிறதே அந்த 70 நாட்டைத் தாண்டின வேகம். 70 நாட் படுக்கை அதை முழுசா நிறுத்தியிருக்காது. ஆனா வேகத்துல பெரும்பங்கைத் தின்னிருக்கும். ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போகுது, பள்ளத்துல விழுற வேகம் பாதியானா அடி கால்வாசி.

ஆற்றல்னதும் ஞாபகம் வருது: 65 டன் விமானம் 140 நாட்ல தொடும்போது அதுகிட்ட இருக்கிறது சுமார் 168 மெகாஜூல். 570 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம், கல்யாண வீட்டு அண்டா கணக்கு. அவ்வளவும் அரை நிமிஷத்துக்குள்ள பிரேக் தட்டுகளுக்கும் காத்துக்கும் போகணும். முழு பிரேக் போட்டு நிறுத்தின விமானத்துல டயர் தானா காத்து இறங்கினா பயப்பட வேணாம். சூட்டுல டயர் வெடிக்காம இருக்க, சக்கரத்துல இருக்கிற உருகு அடைப்பான் உருகிக் காத்தை விடுது.

#13 – திருநகர் திசைகாட்டி

ஏற்கிறேன். "குறைத்திருக்கும்" என்பதே சரியான சொல்.

ஓடுபாதை முடிவில் இருக்கும் பொருளைப் பற்றி மூன்று சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். விமானத்தை மையக்கோட்டில் வைக்கும் ஐ.எல்.எஸ். ஆன்டெனா எப்போதும் ஓடுபாதையின் கோடியில், நேர்கோட்டில்தான் நிற்கும். நின்றே ஆக வேண்டும். எதன் மேல் நிற்கிறது என்பதில்தான் விஷயம்.

மங்களூரில் வலது இறக்கை மோதியது அந்த ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் கட்டுமானத்தில்.

திருச்சி, 2018 அக்டோபர் 12. துபாய்க்குக் கிளம்பிய 737-800, ஓட்டத்தின்போது இன்ஜின் சக்தி தெரியாமல் குறைந்துபோய், தாமதமாக எழும்பியது. ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு போனது. அடிவயிறு கிழிந்தும் மும்பை வரை பறந்து இறங்கியது, 136 பேருக்கும் ஒன்றும் இல்லை. மோதினால் மடங்கும் ஆன்டெனா மடங்கியது.

முவான், தென்கொரியா, 2024 டிசம்பர் 29. சக்கரம் இறங்காமல் வயிற்றால் சறுக்கி வந்த 737-800. ஆன்டெனா மண்மேட்டுக்குள் புதைத்த கான்கிரீட்டில் நின்றது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள்.

மதுரை நீட்டிப்பில் குறுக்கே சாலை வருகிறது, அதைத் தரைக்குக் கீழே கொண்டுபோவதுதான் பல வருடப் பேச்சு. கட்டும்போது மேல்தளம் விமான எடையைத் தாங்குமா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. சாலைப் பள்ளத்தின் தடுப்புச் சுவர் ஓடுபாதைப் பட்டைக்கு எவ்வளவு அருகில் தலைநீட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

#14 – ஒத்தக்கடை

இடையில ஒரு சந்தேகம், தலைப்பை விட்டு விலகினா மன்னிக்கணும். ஒவ்வொரு பெரிய விபத்துக்கப்புறமும் ஒரு கருவி வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

#15 – வலவன்

பெரும்பாலும் உண்மை. சுருக்கமாகச் சில.

1954இல் இரண்டு காமெட் ஜெட்கள் வானிலேயே சிதறின. இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பழைய பறப்பும் சோதனையும் சேர்த்து 3057 சுற்றில் உடல் பிளந்தது. உலோகச் சோர்வுக்கென்று விமான உடலைச் சோதிக்கும் வழக்கம் அங்கிருந்து வலுத்தது.

1973 மே 31, சென்னையிலிருந்து டெல்லி போன 737 அங்கே பாலம் விமான நிலையம் அருகே மின்கம்பியில் மோதியது. 65 பேரில் 48 பேர், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உட்பட. ஓடுபாதை கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட விபத்துகள் உலகெங்கும். தரை எச்சரிக்கைக் கருவி அமெரிக்காவில் கட்டாயமானது 1974இல், அங்கே நடந்த இன்னொரு மோதலுக்குப் பின்.

1977 மார்ச் 27, டெனெரிஃப், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் தவிர, கட்டுப்பாட்டு அறை பயன்படுத்தக் கூடாது என்றானது. மற்ற இடத்தில் 'டிபார்ச்சர்'.

1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி, 349 பேர், வானில் நேர்மோதல். மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமானது அதன் பிறகுதான்.

ஆனால் மங்களூரைக் கவனியுங்கள். 1974இல் தொடங்கிய அந்தக் கருவியின் முன்னேறிய பேரன் அந்தக் காக்பிட்டில் இருந்தது, வாய் ஓயாமல் சொன்னது. பக்கத்தில் மனிதரும் சொன்னார். வயதில் மூத்தவர் பேச்சை மறுக்காதே என்று வளர்த்த ஊர்கள் நம்முடையவை. காக்பிட்டில் அந்தப் பண்பு ஆளைக் கொல்லும். இரண்டு விமானிகளில் யார் "கோ-அரவுண்ட்" சொன்னாலும் விவாதம் இல்லாமல் ஏற வேண்டும், ஏறியதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதுதான் இன்றைய விதி.

#16 – நெறியாளர்

நல்ல பதிவு. ஓடுபாதைக்கே திரும்புவோம்.

#17 – பிரேக்சூடு

கருவின்னா ஓடுபாதைக்கும் ஒண்ணு வந்திருக்கு. ஏர்பஸ் ஏ380-ல 2009-ல சான்று வாங்கினது. இறங்கும்போதே விமானத்தோட உயரம், வேகம், காத்து எல்லாத்தையும் வெச்சு எங்க நிக்கும்னு நொடிக்கு நொடி கணக்குப் போடும். பத்தாதுன்னா "ரன்வே டூ ஷார்ட்"னு கத்தும். தரையில ஓடும்போது பத்தாதுன்னு தெரிஞ்சா முழு பிரேக் போடச் சொல்லும். முதல் சத்தம் கேட்டா ஏறணும், ரெண்டாவது கேட்டா மிதிக்கணும். இப்போ மத்த ரகங்களுக்கும் வந்திருச்சு.

#18 – சிலைமான் காற்று

திருச்சின்னதும் 2024 அக்டோபர் 11 ஞாபகம். ஷார்ஜா கிளம்பின 737 ஹைட்ராலிக் கோளாறுன்னு ரெண்டரை மணி நேரம் திருச்சி பக்கம் வட்டம் அடிச்சுச்சே. எரிபொருளைக் கீழே கொட்டிட்டு இறங்க வேண்டியதுதானே?

#19 – பிரேக்சூடு

737-லயும் ஏ320-லயும் கொட்டுற வசதியே கிடையாது, எரிச்சுத்தான் தீர்க்கணும். 737-800 அதிகபட்சமா 79 டன்ல கிளம்பலாம், இறங்க அதிகபட்சம் 66 டன் சொச்சம். மணிக்கு சுமார் இரண்டரை டன் எரியும். வளைகுடாவுக்கு நிரப்பிக்கிட்டுக் கிளம்பினது உடனே திரும்பினா எடை கூடுதலா இருக்கும். தீ, புகை மாதிரி அவசரம்னா கூடுதல் எடையோடயே இறங்கலாம், அப்புறம் ஆய்வு பண்ணிக்கலாம். ஹைட்ராலிக்ல கோளாறுன்னா பிரேக்கோ ஸ்பாய்லரோ ஒரு பங்கு குறையலாம், அப்போ எடையும் வேகமும் குறைவா இருக்கிறதுதான் லாபம். டிவியில "திக் திக்"னு ஓட்டினாங்க. காக்பிட்ல அது செக்லிஸ்ட்டைப் பொறுமையா முடிக்கக் கிடைச்ச நேரம்.

#20 – அவனியாபுரத்தான்

எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் எழுத இது போதும். கடைசியா ஒண்ணு: ஜன்னல் சீட்ல உக்காந்திருக்கிற ஆளு, சரியா இறங்குதான்னு தெரிஞ்சுக்க ஏதாவது வழி உண்டா?

#21 – வலவன்

உண்டு, எண்ணத் தெரிந்தால் போதும். ஓடுபாதையின் தார் ஆரம்பிக்கும் இடம் ஜன்னலுக்குக் கீழே கடந்ததும் நொடிகளை எண்ணுங்கள். 140 நாட்டில் ஆறு, ஏழு நொடியில் சக்கரம் பட்டால் 1500 அடிவாக்கில் தொட்டிருக்கிறது, சரி. மதுரையில் பத்தரை நொடி என்றால் 2500 அடி எல்லை. எதிர்க்காற்று பலமாக இருந்தால் ஒரு நொடி தள்ளிப்போகலாம். தொட்டதும் இறக்கை மேல் பலகைகள் நிமிர வேண்டும். பின்னாலேயே ரிவர்ஸ் இரைச்சல்.

#22 – ஒத்தக்கடை

பதினொண்ணு, பன்னெண்டுன்னு எண்ணிட்டே போனா?

#23 – பிரேக்சூடு

போனா இன்ஜின் உறுமி மூக்கு மேலே தூக்கணும். தூக்கினா சந்தோஷப்படுங்க, பத்து பதினைஞ்சு நிமிஷம் லேட்டாகும், அவ்வளவுதான். தூக்கலைன்னா பெல்ட்டை இடுப்பெலும்பு மேல இறுக்குங்க, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால இழுங்க, குனிஞ்சு தலையை முன்சீட்ல ஒட்டி வைங்க. நின்னதும் பையை எடுக்காதீங்க. பாதிக் கதவை மட்டும் வெச்சுக்கிட்டு 90 நொடியில எல்லாரும் வெளியேறணும்ங்கிறது சான்று விதி; அந்தச் சோதனையில யாரும் மேல் பெட்டியைத் திறக்கிறதில்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல தீப்பிடிச்ச ஏ350-லேர்ந்து 379 பேரும் உசுரோட இறங்கினாங்க, பெட்டியெல்லாம் உள்ளேயே எரிஞ்சுபோச்சு. உக்காந்த உடனே கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்குன்னு முன்னாலயும் பின்னாலயும் கையால தொட்டு எண்ணி வைங்க. புகையில கண்ணு தெரியாது, எண்ணிக்கை தெரியும்.